குல்மார்கில் நாளை எவ்வளவு பனி? கணிக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பனிச்சறுக்குக்கு முதல்முறை காஷ்மீரின் குல்மார்க் கிளம்புகிறவர் போனில் ஏதாவது ஒரு வானிலைச் செயலியைத் திறப்பார். வியாழக்கிழமைக்கு 42 செ.மீ. பனி என்று இருக்கும். மறுநாள் திறந்தால் 11, அதற்கு மறுநாள் 60. வியாழன் வந்தபோது விடுதி வாசலில் கிடப்பது நான்கு விரற்கடை ஈரப்பனி. அதே நேரம் கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி போய்ச் சேரும் உச்சியில் இடுப்பளவு குவிந்திருக்கும். செயலி எந்த உயரத்துக்கு, எந்தக் கணக்கில் அந்த எண்ணைத் தந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பனியை நேரடியாகக் கணிக்கப் போகாதீர்கள். முதலில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் விழும் என்று பாருங்கள். அடுத்து எந்த உயரத்தில் எவ்வளவு குளிர் என்று பாருங்கள். சென்டிமீட்டர் அதற்குப் பிறகுதான். கடைசியில் காற்று வந்து பாதிக் கணக்கைக் கலைக்கும். அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

மலையின் நான்கு படிகள்

நான்கு உயரங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடிவாரத்து தங்மார்க் சுமார் 2,150 மீட்டர். விடுதிகள் இருக்கும் குல்மார்க் புல்வெளி சுமார் 2,650. கோண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கோங்தூரி ஏறத்தாழ 3,100. இரண்டாம் கட்டம் போய்ச் சேரும் அஃபர்வத் மேல்நிலையம் 3,950-ஐ ஒட்டி.

வானிலை வரைபடங்கள் மீட்டரில் பேசாது, அழுத்தத்தில் பேசும். 700 ஹெக்டோபாஸ்கல் மட்டம் சுமார் 3,000 மீட்டரில் இருக்கிறது, அதாவது கோங்தூரி. 600 மட்டம் சுமார் 4,200 மீட்டர், அதாவது அஃபர்வத் முகடு. விண்டி போன்ற செயலிகளில் உயரத்தை மாற்றும் பட்டையை இந்த இரண்டிலும் நிறுத்திப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

சென்னை மழையைத் தொடர்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் கை தானாக 850 மட்டத்துக்குப் போகும். இங்கே அது உதவாது. 850 சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. ஸ்ரீநகரின் தரையே 1,585 மீட்டர். வானிலையைக் கணினியில் கணக்கிடும் மாடல் அங்கே காட்டும் காற்றும் வெப்பமும் மண்ணுக்கு அடியில் இருப்பதாகக் கற்பனை செய்து போட்ட எண்கள்.

இது குற்றாலத்துச் சாரல் மாதிரி

காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைத் தருவது மேற்கத்திய இடையூறு. மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் மேலடுக்குக் காற்றழுத்தப் பள்ளம் இது. குளிர்கால மாதம் ஒன்றுக்கு நான்கு முதல் ஏழு வரை வரும். பெரும்பாலானவை கொஞ்சம் மேகம் காட்டிவிட்டுப் போய்விடும். புயலைப் போல இதற்குக் கண் கிடையாது, பெயர் கிடையாது, கரையைக் கடக்கும் நேரமும் கிடையாது. அதனால் 'எங்கே இருக்கிறது' என்று தேடாதீர்கள். 'எவ்வளவு ஆழம், எந்தத் திசைக் காற்று' என்று கேளுங்கள்.

பள்ளத்துக்கு முன்னால் தெற்கு, தென்மேற்கிலிருந்து காற்று வீசும். பள்ளம் தெற்கே நன்றாக இறங்கியிருந்தால் அந்தக் காற்று அரபிக்கடல் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வரும். அதை மறித்து நிற்பது பீர் பஞ்சால் மலைத்தொடர். காற்று மோதுவது முகட்டுக்குத் தென்மேற்கே இருக்கும் பூஞ்ச் பக்கம். குல்மார்க் இருப்பது முகட்டுக்கு இந்தப் புறம், வடகிழக்குச் சரிவில். கணக்குப்படி மழை மறைவுப் பக்கம். ஆனால் தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் தென்காசிப் பக்கம் தெளிப்பதைப் போல, இங்கே பனி முகட்டைத் தாண்டி வந்து விழுகிறது. குல்மார்க் பனி பெரும்பாலும் உறைந்த சாரல்தான்.

சாரல் எவ்வளவு தூரம் தாண்டும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். பனித்துகள் நொடிக்கு சுமார் 1 மீட்டர் வேகத்தில் மெதுவாக இறங்கும். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட 25 நிமிடம் ஆகும். காற்று நொடிக்கு 15 மீட்டர் என்றால், அதற்குள் அந்தத் துகள் 22 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மழைத்துளி நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் விழுவதால் 4 கிலோமீட்டர்கூடப் போகாது. ஆகவே, மலைக்கு அந்தப் பக்கத்திலேயே பனியாக இருந்தால் குல்மார்க்குக்கு நிறைய வந்து சேரும். அங்கே மழையாக மாறிவிட்டால் அந்தப் பங்கு பூஞ்ச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

எத்தனை நாள் முன்னால் எதைப் பார்ப்பது

பத்து நாளிலிருந்து ஐந்து நாள் வரை 500 மட்டத்து வரைபடம் மட்டும் போதும். பள்ளம் ஒரு நாளில் தோராயமாக 8 முதல் 10 பாகை தீர்க்கரேகை நகரும். குல்மார்க் 74 பாகைக் கிழக்கில் இருக்கிறது. இன்று ஈராக் மேலே 45 பாகையில் ஒரு பள்ளம் தெரிந்தால் மூன்று, நான்கு நாளில் இங்கே வந்துவிடும். இந்தக் கட்டத்தில் சென்டிமீட்டர் எண்ணைப் பார்ப்பது வீண். யாராவது எட்டு நாள் கழித்து 80 செ.மீ. விழும் என்று படம் போட்டுப் பகிர்ந்தால் கடந்து போங்கள்.

அந்தக் கட்டத்தில் உண்மையில் பயன்படுவது என்செம்பிள். ஒரே மாடலைத் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை ஓட்டுவது அது. ஐரோப்பிய மையத்தின் என்செம்பிளில் 51 உறுப்பினர்கள், அமெரிக்க ஜிஎஃப்எஸ் குடும்பத்தில் 31. 51 பேரில் 40 பேர் அதே இரண்டு நாளில் ஈரத்தைக் காட்டினால் விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதி வைக்கலாம். 10 பேர்தான் என்றால் எழுதவேண்டாம்.

நான்கு நாள் முதல் இரண்டு நாள் வரை நேரமும் தண்ணீர் அளவும் முக்கியம். ஐரோப்பிய மாடல் நிலத்தை 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஓடுகிறது, ஜிஎஃப்எஸ் சுமார் 13, ஜெர்மானிய ஐகானும் 13. மூன்றையும் ஒரே அட்டவணையில் எழுதி வையுங்கள். ஒரே மாடலின் அடுத்தடுத்த நான்கு ரன்களும், அதாவது புதிதாக ஓட்டிய கணிப்புகளும், எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ரன்னிலும் பள்ளம் கொஞ்சம் வடக்கே விலகிக்கொண்டே போகிறதென்றால், கடைசி எண் இன்னும் பெரிதாக இருந்தாலும் உற்சாகப்பட வேண்டாம்.

கடைசி 36 மணி நேரத்தில் மாடலை விட்டு வானத்தைப் பாருங்கள். இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படமும் நீராவிப் படமும் அரை மணிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்படும். ஆப்கானிஸ்தான் மேலே மேகத்தின் உச்சி குளிர்ந்து விரிகிறதா, அல்லது துண்டுதுண்டாகக் கிழிகிறதா என்று கவனியுங்கள். மாடல் சொன்ன நேரத்துக்கு மேகம் மூன்று மணி நேரம் முந்தி வந்துகொண்டிருந்தால், பனியும் ஏறக்குறைய அப்படியே முந்தும்.

நேரக் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வரைபடங்களில் இருப்பது கிரீன்விச் நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். 00 மணி என்றால் நமக்குக் காலை 5.30. இந்திய வானிலைத் துறையின் 24 மணி நேர மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. சறுக்குபவருக்கு வேண்டியதோ நேற்று மாலை கோண்டோலா நின்றதிலிருந்து இன்று காலை அது கிளம்பும்வரை விழுந்த பனி. இந்த மூன்றையும் கலந்து அடித்து, 'நேற்று விழுந்தது இன்று விழும்' என்று கணித்தவர்கள் நிறைய.

தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர்

செயலி காட்டும் பனி சென்டிமீட்டரை ஒதுக்கிவிட்டு, மொத்த மழையளவை மில்லிமீட்டரில் எடுங்கள். மழையோ பனியோ, உருக்கினால் எவ்வளவு தண்ணீர் என்பதே அது.

மாடலின் கட்டம் பெரிது. தங்மார்க்கிலிருந்து அஃபர்வத் வரை நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஒன்றிரண்டு கட்டங்களில் மொத்த மலையும் அடங்கிவிடும். முகடு மழுங்கிப்போகும், சாரலும் மங்கிப்போகும். அதனால் 700 மட்டத்தில் தென்மேற்குக் காற்று 40 கி.மீ. வேகத்துக்கு மேல் இருந்து, ஈரப்பதமும் 90 விழுக்காட்டை ஒட்டி இருந்தால், மாடலின் அளவை மேல்மலைக்குக் கால் பங்கு கூட்டி வைப்பது வழக்கம். காற்று மந்தமாக இருந்தால் கூட்டாதீர்கள். வடமேற்குக்குத் திரும்பிவிட்டால் பள்ளம் கடந்துவிட்டது என்று பொருள். மிச்சம் இருப்பது தூறல் பனிதான்.

உறைநிலைக் கோடும் பனிக்கோடும் வேறு வேறு

வெப்பம் பூஜ்ஜியமாக இருக்கும் உயரம் உறைநிலை. பனி அதற்குக் கீழேயும் 200, 300 மீட்டர் வரை பனியாகவே இறங்கும், ஏனென்றால் உருகுவதற்கு நேரம் வேண்டும். அது மழையாக மாறும் உயரமே பனிக்கோடு. உருகும்போது சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் காற்றும் குளிரும். பலமாகக் கொட்டும்போது கோடு இன்னும் கீழே, 400, 500 மீட்டர் வரைகூட இழுபடும். பொழிவு தணிந்தால் மறுபடி மேலே ஏறிவிடும். தங்மார்க்கில் ஒரு மணி நேரம் பனி, அடுத்த மணி மழை என்று மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம்.

காற்று உலர்ந்திருந்தால் இன்னொரு சங்கதி. வெப்பமானி 3 டிகிரி காட்டும், ஈரப்பதம் 50 விழுக்காடு இருக்கும். ஆனாலும் பனி விழும். விழும் துகளின் ஈரம் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. இங்கே பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண். அது பூஜ்ஜியத்தை ஒட்டியோ கீழேயோ இருந்தால் பனி என்று எழுதலாம்.

மாடல் உங்கள் இடத்தை எந்த உயரமாக நினைக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் அது சிறிய எழுத்தில் இருக்கும். மாடலுக்கு அந்த இடம் 2,300 மீட்டர், புல்வெளி 2,650 என்றால், ஈரமான காற்றில் கிலோமீட்டருக்கு 6 டிகிரி என்ற கணக்கில் மாடல் வெப்பத்தில் 2 டிகிரி கழியுங்கள். ஜனவரியில் இந்த 2 டிகிரி பெரிதாகத் தெரியாது. மார்ச்சில் மழையா பனியா என்பதையே அது முடிவு செய்யும்.

தெளிந்த இரவில் இன்னொன்று நடக்கும். குல்மார்க் புல்வெளி கிண்ணம் மாதிரி குழிந்திருப்பதால் குளிர்காற்று அடியில் தேங்கும். புல்வெளியில் மைனஸ் 12, கோங்தூரியில் மைனஸ் 7 என்று தலைகீழாக இருக்கலாம். புல்வெளி வெப்பமானியை வைத்து உச்சியின் குளிரைக் கணக்கிடாதீர்கள்.

மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றுவது

ஒன்றுக்குப் பத்து என்பது பழைய வாய்ப்பாடு: 10 மி.மீ. தண்ணீர், 10 செ.மீ. பனி. பல இணைய வரைபடங்கள் இதையே எங்கும் எப்போதும் போட்டுத் தள்ளுகின்றன. உண்மையில் விகிதம் குளிரோடு மாறும். பூஜ்ஜியத்தை ஒட்டி விழும் ஈரப்பனிக்கு 5 முதல் 8. மைனஸ் 3, மைனஸ் 5-ல் சுமார் 10. மைனஸ் 8, மைனஸ் 10-ல் 12 முதல் 15. மேகத்துக்குள் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 வரை உள்ள அடுக்கில் காற்று நன்றாக மேலெழுந்தால் ஆறு கையுள்ள பெரிய நட்சத்திரத் துகள்கள் உருவாகும். அவை ஒன்றன்மேல் ஒன்று இடைவெளி விட்டு அமர்வதால் 20 வரைகூடப் போகும். சறுக்குபவர்கள் உயிரை விடும் பவுடர் இதுதான்.

ஆனால் காற்று பலமாக அடித்தால் அந்தக் கைகள் எல்லாம் ஒடிந்து தூளாகும். தூள் நெருங்கி அடுக்கும். உச்சியில் கணக்குப்படி 15 வர வேண்டிய விகிதம் 10, 11-க்கு இறங்கிவிடும். 'மேலே அதிகக் குளிர், அதனால் அதிக பவுடர்' என்று கணிப்பவர்கள் சறுக்குவது இங்கே.

ஒரு மாதிரிக் கணக்கு

இரவு முழுக்க 12 மணி நேரம் பொழிவு என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய மாடல் 30 மி.மீ. சொல்கிறது, ஜிஎஃப்எஸ் 20. 700 மட்டத்தில் மைனஸ் 5 டிகிரி, தென்மேற்குக் காற்று 45 கி.மீ. 600 மட்டத்தில் காற்று 75 கி.மீ.

கோங்தூரியில் வெப்பம் கிட்டத்தட்ட மைனஸ் 5. புல்வெளி 700 மட்டத்துக்கு 350 மீட்டர் கீழே என்பதால் மைனஸ் 3. அஃபர்வத் மேல்நிலையம் மைனஸ் 11. உறைநிலை 2,200 மீட்டர் பக்கம், பனிக்கோடு 1,900 அல்லது 2,000. ஆக, தங்மார்க்கிலும் பனி. அப்படியென்றால் மறுநாள் காலை மேலே ஏறும் சாலையில் சக்கரச் சங்கிலி கேட்பார்கள்; பொழிவுக்கு முந்தின மாலையே மேலே போய்விடுவது நல்லது.

புல்வெளிக்குத் தண்ணீர் 20 முதல் 30 மி.மீ., விகிதம் 9: 18 முதல் 27 செ.மீ. கோங்தூரிக்குச் சாரல் கூட்டி 25 முதல் 35, விகிதம் 11: 27 முதல் 38 செ.மீ. உச்சிக்குச் சாரல் இன்னும் கொஞ்சம் கூட்டி 28 முதல் 40, குளிருக்கு 14 வரவேண்டிய விகிதத்தைக் காற்றுக்காக 12 ஆக்கினால் 34 முதல் 48 செ.மீ. இதில் கடைசி எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 75 கி.மீ. காற்றில் உச்சியில் பனி விழுந்த இடத்தில் நிற்காது. ஒரு திட்டில் பாறை தெரியும், பத்தடி தள்ளி ஒன்றரை மீட்டர் குவிந்திருக்கும். இரண்டாம் கட்டக் கோண்டோலாவும் காலையில் ஓடாது என்றே வைத்துக்கொண்டு, கோங்தூரிச் சரிவுக்குத் திட்டமிடுங்கள்.

பொழிவு நின்ற பிறகும் தொடரும் பனி

மணிக்கு 25, 30 கி.மீ. காற்று போதும், உலர்ந்த பனி தரையோடு தரையாக ஓட ஆரம்பிக்கும். தென்மேற்குக் காற்று அஃபர்வத்தின் பின்பக்கப் பனியை அள்ளி முகட்டைத் தாண்டிக் கோண்டோலா பக்கத்துச் சரிவில் கொட்டும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும் நாளில்கூட சரிவின் ஒரு குழிவில் அரை மீட்டர் சேரலாம். முகட்டிலிருந்து வெள்ளைக் கொடி பறப்பது போலத் தெரிந்தால் அதுதான் நடக்கிறது. அப்படிச் சேர்ந்த பனி பலகை போல இறுகி, கீழே இருக்கும் தளர்ந்த அடுக்கின்மேல் சரியாக ஒட்டாமல் நிற்கும். 30 முதல் 45 டிகிரிச் சரிவில் ஆள் கால் வைத்தால் மொத்தப் பலகையும் ஒடிந்து சரியும்.

2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் பக்கம் நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். உங்கள் பனியளவுக் கணிப்பு சரியாக வந்தாலும் அது பனிச்சரிவுக் கணிப்பு ஆகாது. அதற்குப் பாதுகாப்புத் துறையின் கீழ் சண்டிகரிலிருந்து இயங்கும் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் (டிஜிஆர்இ) வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையையும், மலையில் இருக்கும் ரோந்துக் குழுவின் பேச்சையும் கேளுங்கள். ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் பனியும் பலமான காற்றும் சேர்ந்தால், சறுக்குதளத்தின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே போகும் எண்ணத்தை அன்றைக்கு மூட்டை கட்டி வையுங்கள்.

நாட்காட்டியை நம்பலாமா

டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் நீளும் சில்லை கலானைக் கடுங்குளிர்ப் பருவம் என்று காஷ்மீரிகள் சொல்வார்கள். குளிர் வரும், அதில் சந்தேகமில்லை. பனி வருமா என்பது வேறு. 2024 ஜனவரியின் முதல் பாதியில் குல்மார்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் போட்டிகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பள்ளங்கள் வடக்கே விலகிப் போனாலோ ஆழமில்லாமல் வந்தாலோ எந்தச் சில்லையும் உதவாது.

அளந்து பாருங்கள்

அளக்காமல் கணித்துக்கொண்டே இருந்தால் கை திருந்தாது. 40 செ.மீ.க்கு 40 செ.மீ. ஒட்டுப்பலகை ஒன்றை வெள்ளை வண்ணம் அடித்து எடுத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறம் வெயிலில் சூடாகி அடியில் உருக்கும். காற்று மறைவான, ஆனால் மரக்கிளைக்கு அடியில் இல்லாத இடத்தில் பனியின் மேல்மட்டத்தோடு மட்டமாகப் பதியுங்கள். இடம் தெரிய ஒரு குச்சி நடுங்கள், 40 செ.மீ. விழுந்த பிறகு பலகையைத் தேடி மலையைத் தோண்டுவது நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான்.

தினமும் ஒரே நேரத்தில் அளவுகோலைச் செங்குத்தாக மூன்று இடத்தில் குத்திச் சராசரி எடுங்கள். பிறகு துடைத்துவிட்டுப் பலகையைப் புதுப் பனிமட்டத்தில் மறுபடி வையுங்கள். மணிக்கொருமுறை துடைத்துக் கூட்டினால் எண் பெரிதாக வரும், ஏனென்றால் பனி தன் எடையில் அமுங்க நேரமே கிடைக்காது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது.

தண்ணீர் அளவுக்கு, வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ. உள்ள, அதாவது உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள குழாய்த் துண்டு ஒன்று போதும். பலகைவரை செங்குத்தாக இறக்கி, அடியில் தகடு செருகி எடுத்து, சமையலறைத் தராசில் நிறுங்கள். குழாயின் எடையைக் கழித்தபின் 10 கிராமுக்கு 1 மி.மீ. 26 செ.மீ. பனி 240 கிராம் இருந்தால் தண்ணீர் 24 மி.மீ., விகிதம் 10.8.

கணிப்பைப் பொழிவு தொடங்குமுன் எழுதுங்கள், பிறகு திருத்தாதீர்கள். நோட்டில் ஒரு வரிக்கு இவை போதும்: தேதி, எந்த ரன், மாடல் தண்ணீர், உங்கள் தண்ணீர், 700 மட்ட வெப்பமும் காற்றும், எதிர்பார்த்த விகிதம், புல்வெளிக்கும் கோங்தூரிக்கும் தனித்தனி வீச்சு. அடுத்த நாள் அளந்ததைப் பக்கத்தில் எழுதும்போது, தவறு தண்ணீரிலா, விகிதத்திலா, நேரத்திலா என்று ஒரு சொல் சேருங்கள். பத்துப் பன்னிரண்டு பொழிவு ஆனதும் அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த கணிப்பில் முதலில் திருத்த வேண்டிய எண் அது.